உப்பு தின்ற எர்த் ஒயரும் எங்கள் டீசல் வண்டியும்

2022 மார்கழி. அம்மாவை விடியற்காலை பூசைக்குத் திருப்புல்லாணி கூட்டிப்போக வேண்டும் என்று ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தேன். செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. மனதுக்குள் எண்ணினேன். ஒன்பதாவது வினாடியில் ஓர் இருமல், பின்னால் கொஞ்சம் வெள்ளைப்புகை, அப்புறம் எதுவுமே நடக்காதது மாதிரி ஓட ஆரம்பித்தது. அம்மா பின்சீட்டிலிருந்து, "வண்டிக்கும் குளிருதோ என்னமோ" என்றாள்.

குளிரவில்லை. எங்கள் ஊர் மார்கழியில் எவ்வளவு குளிர்ந்தாலும் இருபது டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். அந்தச் சூட்டில், குளிரில் ஸ்டார்ட் ஆக எஞ்சினுக்குள் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக் நான்கும் செத்துப்போனாலும் இந்த மாதிரி எஞ்சின் பிடித்துவிடும். அதனால் அப்போதே ஒரு சந்தேகம் விழுந்தது. ஆனால் சந்தேகத்தை நம்பாமல் பட்டறைக்குப் போனேன், அது என் தப்பு.

வண்டியைச் சொல்லிவிடுகிறேன். 2014 மாடல், ஏழு பேர் உட்காரலாம், 1248 சிசி டீசல், டர்போ, காமன் ரயில். 2019இல் மதுரையில் ஒருவரிடம் வாங்கினேன். ஐந்து வருடத்தில் ஆயில், ஃபில்டர் தவிர ஒரு செலவும் வைக்கவில்லை என்று அவர் சொன்னபோது நான் முழுசாக நம்பவில்லை. இப்போது நம்புகிறேன். மதுரைக் காற்றில் உப்பு கிடையாது. என் வீடு உச்சிப்புளிக்குக் கிழக்கே. நிலம் இங்கே நாக்கு மாதிரி ஒடுங்கி மண்டபம் வரை நீள்கிறது, வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்கிலிருந்து கச்சான் அடித்தாலும் சரி, வடகிழக்கிலிருந்து வாடை அடித்தாலும் சரி, ஏதோ ஒரு கடலின் ஈரம் வீட்டுக்குள் வந்துவிடும். ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பின் கால், பையனின் சைக்கிள் ரிம், எதுவும் தப்பாது. நான் ராமநாதபுரத்தில் பள்ளி ஆசிரியர், தினமும் போக வர இந்த வண்டிதான்.

ராமநாதபுரத்துப் பட்டறையில் லேப்டாப்பைச் செருகிப் பார்த்தார்கள். ரயில் பிரஷர் ஏறவில்லை என்று காட்டியது. "நாலு நாசிலும் போயிருச்சு சார், மதுரைக்கு அனுப்பிப் பண்ணணும், இல்லைன்னா பம்ப்பா இருக்கும்" என்றார் பையன். எஸ்டிமேட் 48,000 ரூபாய். பம்ப் என்றால் அது தனிக் கணக்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

நாசிலைச் சோதித்த கதை

காமன் ரயில் எஞ்சினில் பம்ப் டீசலை அழுத்தி ஒரு பொதுவான குழாயில் வைத்திருக்கும், அந்தக் குழாய்தான் ரயில். அங்கிருந்து டீசலை சிலிண்டருக்குள் பீய்ச்சுவது நாசில். ஓடும்போது அங்கே அழுத்தம் 1,600 பார் வரை போகும், ஐட்லிங்கிலேயே 250, 300 இருக்கும். ஸ்டார்ட் ஆக வேண்டுமென்றால் செல்ஃப் சுற்றும் அந்த இரண்டு வினாடிக்குள் சுமார் 200 பாராவது ஏற வேண்டும். ஏறாதவரை ஈசியூ, அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர், நாசிலைத் திறக்காது. ஏறாமல் போகக் காரணங்கள் பல: பம்ப் தேய்ந்திருக்கலாம், டேங்கிலிருந்து காற்று இழுக்கலாம், நாசில் ஏதாவது ஒன்று உள்ளுக்குள்ளேயே ஒழுகி டீசலை ரிட்டர்னில் விடலாம். பட்டறைப் பையன் கடைசிக் காரணத்தை நேராகப் பிடித்துக்கொண்டார். விலை அதில்தான் அதிகம்.

ஒழுகுகிறதா என்று பார்க்க மதுரை போக வேண்டியதில்லை. நாசில்களின் தலையில் இருக்கும் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, நான்கிலும் தனித்தனி டியூப் மாட்டி, நான்கு பாட்டிலில் விட்டு, எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டுப் பார்த்தால் போதும். ஒன்றில் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு நிறைந்தால் அதுதான் கள்ளன். எனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருவரிடம் புது செலைன் டியூப் வாங்கினேன், பாட்டிலுக்கு வீட்டில் பழைய இருமல் மருந்துப் பாட்டில்கள் இருந்தன. வண்டிப் பக்க ரிட்டர்ன் வாயைப் போல்ட் செருகி அடைத்துவிட்டேன், காற்று இழுக்கக் கூடாது.

துணைக்கு மண்டபத்திலிருந்து ஒரு அண்ணனை வரச் சொல்லியிருந்தேன். போட்டு (படகு) எஞ்சின் மெக்கானிக், முப்பது வருட அனுபவம். அவர் மகன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன், அதனால் வயதில் மூத்தவர் என்னைச் சார் என்பார், நான் அண்ணே என்பேன். விசைப்படகு எஞ்சினைக் காதால் கேட்டே எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடுவார்.

வந்ததும் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார், இடுப்பிலிருந்து பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். "ஓட விடுங்க சார், ஒவ்வொரு பைப்பா லூஸ் பண்ணிப் பார்ப்போம், எதுல மிஸ்ஸிங்குன்னு தெரிஞ்சுரும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே, கைய எடுங்க. இது போட்டு எஞ்சின் இல்லை."

"ஏன் சார், டீசல்தானே?"

பழைய எஞ்சினில் ஓடும்போதே நாசில் பைப்பைத் தளர்த்திச் சோதிப்பதுதான் வழக்கம். டீசல் சொட்டுச் சொட்டாகக் கசியும், அவ்வளவுதான். காமன் ரயிலில் அதைச் செய்தால் ஊசி மாதிரிப் பீய்ச்சி அடிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே விரலே போய்விடும். அந்தக் காயம் பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. இதைச் சொன்னதும் அண்ணன் ஸ்பேனரை மடக்கிய சாக்கில் சுற்றி வைத்துவிட்டார். இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், எங்கள் பக்கம் நல்ல டீசல் கைக்காரர்கள் எல்லாம் போட்டிலிருந்து வந்தவர்கள். பழக்கதோஷத்தில் கை ஸ்பேனருக்குப் போகும்.

பாட்டில் சோதனையில் நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மூன்றாவதில் ஒரு விரல்கடை கூட, அவ்வளவுதான். நாசில் குற்றவாளி இல்லை.

களிம்பு

அடுத்து என் 600 ரூபாய் புளூடூத் டாங்கிள். காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் மாட்டி, மொபைலில் ரயில் பிரஷர், எஞ்சின் ஆர்பிஎம் இரண்டையும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்தேன். அடிக்கும்போது டாங்கிள் இரண்டு முறை அணைந்து எரிந்தது. அதை டாங்கிளின் மட்டமான தரம் என்று நினைத்தேன். அதுவே ஒரு துப்பு என்று அப்போது உறைக்கவில்லை. மூன்றாவது முறை தெரிந்தது: பிரஷர் மெதுவாக 120, 130 என்று ஊர்கிறது. ஆர்பிஎம் 140.

அண்ணன் மொபைலைப் பார்க்கவே இல்லை. டயர் மேல் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சுத்துற சத்தமே சரியில்லையே சார். மூச்சு வாங்குது. நாசிலு பம்ப்பெல்லாம் அப்புறம். எர்த்தப் பாருங்க."

"பேட்டரி போன வருசம் மாத்துனது அண்ணே."

"பேட்டரியச் சொல்லல. எர்த்து. பேட்டரி மைனஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்குற ஒயரு."

டீசல் எஞ்சின் குறைந்தது 200 ஆர்பிஎம்முக்காவது சுற்றினால்தான் ஹை பிரஷர் பம்ப் வேண்டிய அழுத்தத்தைக் கொடுக்கும். அழுத்தி அழுத்திக் காற்றைச் சூடாக்கித்தான் டீசலைப் பற்ற வைக்கிறோம், மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடும் போதாது. பிரஷர் ஏறாதது நோய் இல்லை, நோயின் அறிகுறி. பட்டறையில் அந்த அறிகுறிக்குத்தான் 48,000 ரூபாய் கேட்டார்கள்.

மல்ட்டிமீட்டரை எடுத்தேன். இந்த ஒரு சோதனையைக் கடற்கரையில் டீசல் வண்டி வைத்திருக்கும் எல்லோரும் கற்றுக்கொள்ளலாம், ஐந்து நிமிட வேலை. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முள்ளில், கிளாம்பில் அல்ல, முள்ளிலேயே வைக்க வேண்டும். இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில். இன்னொருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். இரண்டும் ஒரே எர்த்தான் என்பதால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், 0.2, மிஞ்சினால் 0.3. எனக்கு 1.3 வோல்ட் காட்டியது.

1.3 என்றால் சின்ன எண்ணாகத்தான் தெரியும். ஆனால் செல்ஃப் அடிக்கும்போது 250 ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் ஓடுகிறது. பெருக்கினால் 325 வாட். நான்கு சீலிங் ஃபேன் ஓடுகிற மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்குப் போகாமல் வழியில் ஓர் இணைப்பைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. பேட்டரி முள்ளில் 10.4 வோல்ட் இருக்கிறது, செல்ஃப் மோட்டாருக்குக் கிடைப்பது ஒன்பது சொச்சம்தான்.

உறுதி செய்ய, ஜம்பர் கேபிள் ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸில், மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். ஒரு வினாடி. நான் சாவியை விடுவதற்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்பிஎம் 240 தொட்டதாக மொபைல் காட்டியது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பீடியைப் பற்ற வைத்தார்.

கியர் பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரைக் கழற்ற பேட்டரி ட்ரேயைத் தூக்க வேண்டியிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. கறுப்பு ரப்பர் உறை, இரண்டு பக்கமும் போல்ட்டில் மாட்டும் லக். லக்குக்குப் பக்கத்தில் உறையைப் பிளேடால் நீளவாக்கில் கீறினேன். உள்ளே செம்புக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பொடி. விரலில் தேய்த்தால் கோலமாவு மாதிரி நறநறத்தது. பாதிக் கம்பிகள் அதற்குள் இற்றுப்போயிருந்தன, மீதி இருந்த கம்பிகள் கறுத்திருந்தன. வீட்டுச் செம்புக் குடத்தில் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்த்துவிடலாம். இதை என்ன செய்வது?

உப்புக் காற்று லக்கின் வாய் வழியே உள்ளே போய், நூல் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரிக் கம்பிகளுக்கு நடுவே ஏறியிருக்கிறது. வெளியே உறை இருந்ததால் ஈரம் காயவும் வழியில்லை. அதே மார்கழியில்தான் பாம்பன் ரயில் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 1914இல் திறந்த பாலம், 108 வருடம் உப்புக் காற்றோடு மல்லுக்கட்டி, 2022 டிசம்பர் 23க்குப் பிறகு அதன் மேல் ரயில் போகவில்லை. அந்த இரும்புக்கே அந்தக் கதி என்றால் என் எர்த் ஒயர் எம்மாத்திரம்.

அண்ணன் புது ஒயர் செய்து கொடுத்தார். கடையில் கிடைக்கும் ரெடிமேட் ஒயரை அவர் மதிப்பதே இல்லை. போட்டுக்கு வைத்திருந்த 35 ஸ்கொயர் கேபிள், ஒவ்வொரு கம்பியும் வெள்ளீயம் பூசியது. லக்கை அழுத்திப் பிடித்து, வாயில் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டுச் சூடு காட்டினார். பசை உருகி லக்கின் வாயை மெழுகு வைத்த மாதிரி அடைத்தது. பாடியில் மாட்டும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கி, இறுக்கி, மேலே வாசலின். வாசலின் இறுக்கிய பிறகு பூச வேண்டும், முதலிலேயே பூசி இறுக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். கேபிள், லக் எல்லாம் சேர்த்து 650 ரூபாய். கூலி வாங்கவில்லை, மகனுக்குக் கணக்குச் சொல்லித் தரச் சொன்னார். மகன் இப்போது ஐடிஐ முடித்துவிட்டான், அவனே எனக்குச் சொல்லித் தருவான்.

மறுபடியும் அளந்தேன்: 0.15 வோல்ட்.

இந்தச் சோதனையின்போது ஹீட்டர் பிளக் நான்கையும் மீட்டரில் ஓம் (மின்தடை) பார்த்ததில் நான்காவது செத்திருப்பது தெரிந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பாலத்தின் மேல்

2023 ஆடி. தங்கை குடும்பம் திருப்பூரிலிருந்து வந்திருந்தது, எல்லோருமாக ராமேஸ்வரம் கிளம்பினோம். வண்டிக்குள் ஏழு சீட்டில் எட்டுப் பேர், ஏசி, கச்சான் காற்று தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் மாறி மாறி வண்டியைப் பிடித்துத் தள்ளுகிறது. பாம்பன் சாலைப் பாலம் நடுவில் உயர்ந்திருப்பது உங்களுக்குத் தெரியும், கீழே படகு போக வேண்டுமே. அந்த ஏற்றத்தில் வண்டி இழுவையை விட்டுவிட்டது. நான்காவதிலிருந்து மூன்றுக்குப் போட்டேன், ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தேன். பின்னால் கரும்புகை மட்டும் வந்தது, வேகம் வரவில்லை. எஞ்சின் லைட் எரிந்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஆரனிலேயே என் வம்சத்தை விசாரித்தார்.

டாங்கிள் பி 0299 என்றது. டர்போ கொடுக்க வேண்டிய காற்றழுத்தம் வரவில்லை என்று அர்த்தம். தங்கை வீட்டுக்காரர், "டர்போ போயிருச்சு மச்சான், பெரிய செலவு" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். தங்கச்சிமடத்தில் டீக்கடை ஓரமாக நிறுத்திப் பானெட்டைத் திறந்தோம். டர்போ ஊளையிடவில்லை, ஆயில் அளவு குறையவில்லை, ஐட்லிங்கில் நீலப்புகை இல்லை. டர்போ செத்தால் இதில் ஏதாவது ஒன்றாவது காட்டிக்கொடுத்திருக்கும். கரும்புகை என்றால் டீசல் வருகிறது, எரிக்கக் காற்று போதவில்லை. அப்படியானால் காற்று எங்கோ வெளியே போகிறது. மெதுவாக ஓட்டினால் ஊர் போய்ச் சேரலாம் என்று முடிவு செய்து, கோயிலுக்கும் போய்விட்டு, நாற்பதில் திரும்பினோம்.

மறுநாள் டர்போவிலிருந்து, அதன் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஓஸ்களைக் கையால் தடவினேன். ஒன்றின் அடிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு. ஆனால் வெடிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, அமுக்கினாலும் தெரியவில்லை. ஐட்லிங்கில் ஓடவிட்டால் சத்தமும் இல்லை. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் டர்போ அவ்வளவாக அழுத்தம் கொடுக்காது, அதனால் இது நிற்கும்போது அகப்படாத நோய்.

ஓஸைக் கழற்றி உச்சிப்புளி பஞ்சர் கடைக்கு எடுத்துப் போனேன். ஒரு வாயில் மரக்கட்டை செருகிக் கிளாம்ப் போட்டோம், மறுவாயில் இன்னொரு கட்டையில் துளை போட்டு டியூப் வால்வு. காற்று மிகக் குறைவாக, 15 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டாம் என்று கடைத் தம்பியிடம் கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தேன், அவருக்கு முப்பதுக்குக் கீழே காற்றடித்துப் பழக்கமில்லை. பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தியதும் கண்முன்னே நடந்தது: ஓஸின் மடிப்பில் இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு கோடு மீன் செவுள் மாதிரித் திறந்தது, குமிழி கொப்பளித்தது. காற்றை விட்டதும் மூடிக்கொண்டது. மூடியபின் எங்கே இருந்தது என்று தேடினால் கிடைக்கவில்லை. பஞ்சர் தம்பி, "வண்டிய விக்கிற வரைக்கும் இதக் கண்டுபிடிச்சிருக்க முடியாதுண்ணே" என்றார். புது ஓஸ் கீழக்கரையில் ஒரு பார்ட்ஸ் கடையில் சொல்லிவைத்து நான்கு நாளில் வந்தது, 2,100 ரூபாய். கடைக்காரக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பழைய ஓஸைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டு, எண்ணெயில் ஊறி ஊறித்தான் இந்த ரப்பர் இற்றுப்போகிறது என்றார். அவர் சொன்னது சரி.

ஓஸ் மாற்ற வந்த கையோடு இஜிஆர் வால்வையும் கழற்றினேன். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விட்டு எரியும் சூட்டைக் குறைக்கிற ஏற்பாடு அது, நைட்ரஜன் ஆக்சைடு குறைய வேண்டும் என்பதற்காக. புகையோடு வரும் கரியும், எஞ்சின் மூச்சுக்குழாய் வழியே வரும் ஆயில் ஆவியும் சந்திக்கும் இடத்தில் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். என் வண்டியில் கட்டைவிரல் நுழைய வேண்டிய வழியில் சுண்டுவிரல் நுழையவில்லை. கார்ப் கிளீனர், பழைய பல்துலக்கும் பிரஷ், மரக்குச்சி. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டக் கூடாது, வால்வு உட்காரும் விளிம்பு கீறிவிட்டால் மூடவே மூடாது. மோட்டார் இருக்கும் பக்கத்தை மேலே தூக்கிப் பிடித்துக் கழுவ வேண்டும், திரவம் அதற்குள் இறங்கினால் புது வால்வுதான். அரைச் சிரட்டை கரி எடுத்தேன். மனைவி மூன்று நாள் என்னைத் துணி துவைக்கும் கல் பக்கம் விடவில்லை.

இஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிடு, ஜென்மத்துக்கும் தொல்லை இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. நான் செய்யவில்லை. புகைக் கட்டுப்பாட்டுக்கு வைத்ததைப் பிடுங்குவது சரியில்லை என்பது ஒரு பக்கம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இது பெரிய வேலையும் இல்லை.

தண்ணீர்

அந்த வருடம் ஐப்பசி மழை. ஒரு பெட்ரோல் பங்கில் முழு டேங்க் போட்டு வந்த இரண்டாம் நாள் வண்டி குலுங்கிக் குலுங்கி ஓடியது. டீசல் ஃபில்டரின் அடியில் ஒரு திருகு இருக்கிறது. வெற்றுத் தண்ணீர் பாட்டிலைக் கீழே பிடித்து, திருகைத் தளர்த்தினால் முதலில் வருவது அடியில் தங்கியது. பாட்டிலை ஜன்னல் ஓரம் அரை மணி நேரம் வைத்தேன். மேலே மஞ்சளாக டீசல், கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர், நடுவே கத்தியால் வெட்டிய மாதிரிக் கோடு. அடிக்கடி நிறுத்தி, ஐந்து முறை வடித்தபின் தண்ணீர் நின்றது. ஃபில்டரை மாற்றி, கை பம்ப்பை அது கல்லாகும் வரை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். காற்று எடுக்காமல் செல்ஃபையே அடித்துக்கொண்டிருக்கக் கூடாது, அந்த பம்ப்புக்கு டீசல்தான் எண்ணெய். வறட்டுக்குச் சுற்றினால் தேயும். தண்ணீர் போனாலும் அதே கதைதான்.

பங்கைக் குறை சொல்வதா, என் டேங்க் மூடி ரப்பர் இற்றிருந்ததைச் சொல்வதா என்று எனக்கே முடிவாகவில்லை. இரண்டையும் மாற்றிவிட்டேன். மழைக்காலத்தில் டேங்கை அரைக்குக் கீழே விடுவதில்லை, காலி இடத்தில் ஈரக் காற்று குளிர்ந்து தண்ணீராகும். மாதம் ஒருமுறை பாட்டில் பிடிக்கிறேன். ஐந்து நிமிடம்.

மற்றவை

பின் பிரேக் டிரம். கடலோரத்தில் இரண்டு நாள் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம், சில நேரம் எடுக்கவே வராது. வீட்டில் நிறுத்தும்போது முதல் கியரில் போட்டு, டயருக்கு முட்டுக்கல் வைக்கிறேன். ஹேண்ட் பிரேக் ரோட்டில் மட்டும்.

தனுஷ்கோடி போய்வந்தால் அன்றைக்கே அடிப்பாகம் கழுவ வேண்டும். அரிச்சல்முனை ரோட்டில் இரண்டு பக்கக் கடலும் தூவானமாக வண்டிக்கு அடியில் ஏறுகிறது, கூடவே மணல். ஆனால் எங்கள் போர் தண்ணீரே உப்பு. அதை வைத்துக் கழுவினால் உப்பை உப்பால் கழுவுவதுதான். காவிரிக் குடிநீரை எடுத்தேன், மனைவி குடத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏங்க, குடிக்கவே குடம் எண்ணிப் பிடிக்கிறோம், காருக்கா?" நியாயம்தான். இப்போது மாடியிலிருந்து மழைநீர் இறங்கும் குழாயில் 500 லிட்டர் டேங்க் ஒன்று வைத்திருக்கிறேன், அது காருக்கு மட்டும். ஏசி கண்டன்சரை அதே தண்ணீரால் மெதுவாக, அழுத்தம் இல்லாமல் நனைத்து விடுகிறேன். அலுமினியத் தகடுகள் உப்பில் பொரிந்து உதிர்வது ஒருமுறை ஆரம்பித்தால் நிற்காது. முதல் கண்டன்சர் போன பிறகுதான் இந்தப் புத்தி வந்தது.

கீழக்கரையில் ஒரு நண்பன் பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வாங்கியிருக்கிறான். அவனுக்கு வேறு பிரச்சினை. அந்த வண்டிகளில் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் உண்டு. அவன் தினமும் கடைக்கும் பள்ளிவாசலுக்கும் வீட்டுக்குமாக இரண்டு கிலோமீட்டர்தான் ஓட்டுகிறான், கரி எரிய வேண்டிய சூடு வருவதே இல்லை. எரிக்க முயன்று பாதியில் நின்றால் எரியாத டீசல் ஆயிலில் கலக்கும், டிப் ஸ்டிக்கில் ஆயில் ஏறிக்கொண்டே வரும். ஆயில் குறையாமல் கூடுகிறதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறான். "மச்சான், வாரத்துக்கு ஒருநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில சாயல்குடி வரைக்கும் போய் டீ குடிச்சிட்டு வா, அறுபது எழுபதுல நிறுத்தாம ஓட்டு" என்றேன். போகிறான். டீ நன்றாக இருக்கிறதாம். அவ்வளவு குறைவாக ஓட்டுகிறவன் பெட்ரோல் வண்டி வாங்கியிருக்க வேண்டும், அதை இனிச் சொல்லி என்ன.

அந்த நான்காவது ஹீட்டர் பிளக் இன்னும் வண்டியில் அப்படியே இருக்கிறது. கழற்ற ஒருமுறை முயன்றேன். எஞ்சினைச் சூடாக்கி, முதல் நாளே துரு எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மெதுவாகத் திருப்பினேன். கால் சுற்று வந்தது, அப்புறம் ரப்பர் மாதிரி ஒரு இழுவை கையில் தெரிந்தது. உடனே நிறுத்திவிட்டேன். அது முறுகுகிறது என்று அர்த்தம், இன்னும் அரை சுற்றில் எஞ்சின் ஹெட்டுக்குள் ஒடியும், ஒடிந்தால் ஹெட்டையே இறக்க வேண்டும். அண்ணனைக் கேட்டேன். மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும் என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் போட்டெல்லாம் நிற்கும், எல்லோரும் அப்போதுதான் எஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள், அவரைப் பார்க்கவே முடியாது. அதுவரை வாரம் ஒருமுறை அந்தப் பிளக்கின் அடியில் நாலு சொட்டு எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை தோறும் விடுகிறேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, விளக்குக்கு ஊற்றுகிற நல்லெண்ணெயையா ஊற்றுகிறேன் என்று கேட்டாள்.